சீர்திருத்தப் பள்ளியும் சேர்விடாப்பும்: நீதிமன்றின் வழியே பள்ளிக்கு வந்த பிள்ளைகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு சமுதாயத்தின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர், அச்சமுதாயம் எழுப்பிய கல்லூரிகளையும் அவற்றை நிறுவிய பெரியோரையும் அவற்றிலிருந்து வெளிவந்த அறிஞரையும் பற்றியே பெரும்பாலும் எழுதுவர். வண்ணார்பண்ணையில் 1848ஆம் ஆண்டில் ஆறுமுக நாவலர் தொடங்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1890இல் நிலைபெற்ற யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும், 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கமும் நம் கல்வி வரலாற்றில் பெறும் இடத்தை இம்மலரைப் படிப்போர் நன்கு அறிவர். இவ்வரலாற்றுக்கு அயலே, அதே ஆண்டுகளில், மற்றொரு கல்வி வரலாறும் நடந்து வந்துள்ளது. பெற்றோர் கைப்பிடித்து அழைத்து வராது, நீதவானின் கட்டளை கொண்டுவந்து சேர்த்த பிள்ளைகளின் வரலாறு அது. நம்மவர் அதனை எழுதியது குறைவு. அது நம் கல்லூரிகளின் கதை அன்று என்று கருதியமையே அதற்குக் காரணமாகலாம். ஆயின் 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இவ்விரு வரலாறுகளும் ஓர் இந்துக் கல்லூரியின் வாயிலிலேயே ஒன்றையொன்று சந்தித்தன. வன்னியில் நடந்த போரின் இறுதியில் சரணடைந்த சிறுவர் சிறுமியருள் ஒரு பகுதியினர் இரத்மலானையிலுள்ள கொழும்பு இந்துக் கல்லூரிக்குக் கற்க அனுப்பப்பட்டனர். அந்நிகழ்ச்சியின் பொருளை விளங்கிக்கொள்ளுதற்கு, அதற்கு முந்திய நூற்றைம்பது ஆண்டுகளில் இத்தகைய பிள்ளைகளுக்கு அரசுகள் எவ்வகைப் பள்ளிகளை அமைத்தன, அப்பள்ளிகளின் தொகையையும் பெறுபேற்றையும் எவ்வாறு கணித்தன என்பவற்றை நோக்குதல் வேண்டும்.

சீர்திருத்தப் பள்ளியின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், களவு செய்த சிறுவனும் கொலை செய்த முதியவனும் ஒரே சிறையில் அடைபட்டுக் கிடந்தனர். பிரித்தானிய அரசு 1838இல் பாக்கேஸ்ட் என்னுமிடத்திற் சிறுவர்க்கெனத் தனிச் சிறையொன்றைத் திறந்தது. பிரான்சு நாட்டில் மெத்ரே என்னும் ஊரில் 1840இல் திறக்கப்பட்ட பண்ணைக் குடியிருப்பு, சிறுவரைச் சுவருக்குட் பூட்டிவையாது, சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து உழவும் கைத்தொழிலும் பயிற்றியது. இவற்றை ஒப்புநோக்கிய மேரி காப்பெண்டர் என்னும் அம்மையார், சிறை சிறுவரைத் திருத்தாது, பள்ளியே திருத்தும் என்னும் கொள்கையை 1851இல் நூலாக எழுதி வெளியிட்டார். 1852இல் பிரித்தல் நகரை அடுத்த கிங்சூட்டில் ஒரு பள்ளியையும், 1854இற் சிறுமியர்க்கென மற்றொரு பள்ளியையும் நிறுவினார். அவ்வாண்டிலேயே இளங்குற்றவாளிகள் சட்டம் நிறைவேறியது. எனினும் சிறுவனொருவன் சீர்திருத்தப் பள்ளிக்குச் செல்லுமுன் குறைந்தது 14 நாள் சிறையிலிருத்தல் வேண்டும் என்று அச்சட்டம் விதித்தது. இவ்விதி முற்றாக நீங்கியது 1899ஆம் ஆண்டிலேயே. பள்ளியின் வாயிலிற் சிறையை வைத்துவிட்டு, உள்ளே வந்தவனைக் கல் என்று கூறிய அக்காலத்தின் இருமனப்பான்மைக்கு இது தக்க சான்றாகும்.

காப்பெண்டர் அம்மையார் 1866 முதல் நான்கு முறை இந்தியாவுக்கு வந்து, அங்குள்ள சிறைகளையும் பெண்கல்வி நிலையங்களையும் பார்வையிட்டார். இந்தியச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் 1876இற் பிறந்தது. 1897இன் 8ஆம் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. சென்னை மாகாணத்தில் செங்கற்பட்டுச் சீர்திருத்தப் பள்ளி 1887இல் தொடங்கியது. தமிழ் பேசும் சிறுவர்க்கென எழுந்த இவ்வகைப் பள்ளிகளுள் அது மூத்தவற்றுள் ஒன்று.

1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகம் ஆராய்ச்சியாளர் ஊன்றி நோக்குதற்குரியது. 15 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகளையே அது கருதியது. தடுத்துவைக்கும் காலத்தை 3 ஆண்டுக்குக் குறையாமலும் 7 ஆண்டுக்கு மேற்படாமலும் வகுத்தது. ஒரு பள்ளி இப்பெயர் பெறுதற்கு எவை இன்றியமையாதன என்றும் அது கூறிற்று: இரவில் சிறுவரைத் தனித்தனியே வைத்தற்கு வசதி, சுகாதார ஒழுங்கு, தண்ணீர், உணவு, உடை, படுக்கை, கைத்தொழிற் பயிற்சிக்குரிய சாதனம், நோயாளர் விடுதி. இப்பட்டியலில் எழுத்தும் எண்ணும் இடம்பெறவில்லை. பள்ளிகளில் எழுத்து கற்பிக்கப்படவே இல்லை என்று இதனாற் கொள்ளலாகாது. நாளின் பெரும்பகுதி தொழிலுக்கும் சில மணி நேரம் பாடத்துக்குமாகப் பகுக்கப்படுதல் அக்கால வழக்கம். ஆனாற் சட்டம் எதனைக் கேட்டதோ அதனையே மேற்பார்வையாளர் எண்ணினர். எத்தனை பேர் உள்ளே இருக்கின்றனர், எத்தனை பேர் தப்பினர், எத்தனை பேர் தச்சும் நெசவும் பழகினர், வெளியே சென்றவருள் எத்தனை பேர் மீண்டும் குற்றஞ் செய்தனர் என்பன ஆண்டறிக்கைகளுக்குரிய வினாக்களாயின. எத்தனை பேர் எந்த வகுப்பு நிலையை எட்டினர் என்னும் வினா பின்வரிசைக்குச் சென்றது. நூற்றாண்டின் இறுதியில் இப்பள்ளிகளைச் சிறைப் பகுதியினரிடமிருந்து கல்விப் பகுதியினரிடம் ஒப்படைக்கும் கொள்கையை இந்திய அரசு மேற்கொண்டமை இக்குறையைச் சிறிது உணர்ந்தமையைக் காட்டும். 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறுவர் சட்டம் இந்திய மாகாணங்களுள் முதன்முதல் தோன்றிய சிறுவர் சட்டமாகும். வங்காளம் 1922இலும் பம்பாய் 1924இலும் அதனைப் பின்பற்றின.

இலங்கையில் இரண்டு வாயில்கள்

இலங்கையில் 1886ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இளங்குற்றவாளிகள் கட்டளைச் சட்டம் இத்துறையில் முதலடி எனலாம். தென்னிலங்கையில் மக்கொனையிற் கத்தோலிக்கத் துறவியர் நடத்திய இல்லம் இச்சிறுவரை ஏற்ற நிலையங்களுள் ஒன்றாக இருந்தது. வட இலங்கையிற் சைவப் பெருமக்கள் இந்துக் கல்லூரியை நிலைநாட்ட உழைத்த காலமும் இதுவே. இரு முயற்சிகளும் ஒரே பத்தாண்டில் நிகழ்ந்தும் ஒன்றையொன்று அறியாதிருந்தன.

இவ்வகையில் 1939ஆம் ஆண்டு மிகவும் சிந்திக்கத்தக்கது. அவ்வொரே ஆண்டில் அரசாங்க சபை, கல்வி தொடர்பான ஒரு பெருஞ் சட்டத்தையும், சட்டத்தின் பிடியில் அகப்பட்ட இளையோர் பற்றிய இரண்டு சட்டங்களையும் இயற்றியது. 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம் நாட்டின் பொதுக் கல்விக்கு அடிப்படையிட்டது. கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வி அதன் மேல் எழுந்தது. 28ஆம் இலக்கச் சட்டம், 16 வயதுக்கு மேற்பட்ட இளங்குற்றவாளிகளுக்குப் பயிற்சிப் பாடசாலைகளை வகுத்தது. 48ஆம் இலக்கச் சிறுவர், இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம், 14 வயதுக்குட்பட்டோரைப் பிள்ளைகள் என்றும், 14 முதல் 16 வயதுக்குட்பட்டோரை இளம் ஆட்கள் என்றும் பிரித்து, சிறுவர் நீதிமன்று, தடுப்பு இல்லம், அங்கீகரிக்கப்பட்ட பாடசாலை, சான்றுபெற்ற பாடசாலை என்பவற்றுக்கு இடமளித்தது. ஒரே ஆண்டிற் சட்டம் இரண்டு கல்வி வாயில்களைத் திறந்தது: ஒன்று எல்லாப் பிள்ளைகளுக்கும், மற்றது நீதவான் அனுப்பும் பிள்ளைகளுக்கு. முதல் வாயிலுக்குக் கல்வித் திணைக்களம் காவல். இரண்டாவது வாயில் காலப்போக்கில் நன்னடத்தைச் சேவையின் பொறுப்பாயிற்று. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் 1956இல் அமைந்தது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தத்தின் பின்னர் அப்பொறுப்பின் பெரும்பகுதி மாகாண சபைகளைச் சார்ந்தது. வடக்கில் அச்சுவேலியில் உள்ள சான்றுபெற்ற பாடசாலை இவ்வரிசையைச் சேர்ந்தது.

1939ஆம் ஆண்டுச் சட்டத்தின் மற்றொரு கூறும் மனங்கொளத்தக்கது. குற்றஞ் செய்த பிள்ளையோடு, பராமரிப்பும் பாதுகாப்பும் அற்ற பிள்ளையையும் நீதிமன்று நிலையத்துக்கு அனுப்பலாம் என்று அது கூறிற்று. திருடியவனும் தாயை இழந்தவனும் ஒரே வாங்கில் அமரும் நிலை இதனாற் பிறந்தது. வெளியே நின்று நோக்கும் ஊரவர்க்கு இவ்விருவரையும் பிரித்தறியும் வழி யாது? இருவரும் அப்பள்ளிப் பிள்ளைகளே. பள்ளியின் பெயரே பட்டமாக ஒட்டிக்கொள்ளும் அவலம், பிள்ளையின் செயலாலன்றி, பள்ளியின் அமைப்பாலேயே விளைந்தது.

தொகையும் பெறுபேறும் காட்டாதவை

ஒரு சாதாரண பாடசாலையில் மாணவர் தொகை பெருகினால் அதன் நற்பெயர் பெருகியது என்று கொள்வோம். குறைந்தால் அதிபர் கவலையுறுவார். நீதிமன்றின் கட்டளையாற் பிள்ளைகள் சேரும் பள்ளிக்கு இவ்வளவுகோல் பொருந்தாது. அதன் தொகை, சட்டத்தின் கடுமையையும் காவற்றுறையின் வழக்கத்தையும் நன்னடத்தை அதிகாரிகளின் எண்ணிக்கையையும் பொறுத்து ஏறும், இறங்கும். நன்னடத்தை அதிகாரியின் மேற்பார்வையில் வீட்டிலேயே இருக்குமாறு நீதவான் கட்டளையிட்டால் தொகை குறையும். அக்குறைவு நாட்டுக்கு நன்மையே. ஆகவே இத்தகைய பள்ளியின் நிறைந்த இடாப்பைக் கண்டு மகிழ்தற்கும் வெறுமையான இடாப்பைக் கண்டு வருந்துதற்கும் இடமில்லை.

பெறுபேற்றின் நிலையும் இத்தகையதே. தை மாதத்தில் இடாப்பிலிருந்த பிள்ளைகள் மார்கழியில் அங்கிருப்பதில்லை. தவணை நடுவில் வருவோரும் பரீட்சைக்கு முதல் வாரத்தில் விடுதலை பெறுவோரும் உளர். வரும்போதே பலர் பல ஆண்டுகள் பள்ளியை இழந்தவர். பதினைந்து வயதில் ஐந்தாம் வகுப்பு வாசிப்புத் திறனோடு வந்து சேரும் ஒரு சிறுவன், ஓராண்டு கழித்து ஏழாம் வகுப்பு நிலையை எட்டினான் என வைத்துக்கொள்வோம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் கணக்கில் அவன் சித்தியடையாதவன். ஆசிரியர் கணக்கிலோ, ஈராண்டுப் பாடத்தை ஓராண்டிற் கற்றவன். சித்தி வீதத்தை மாத்திரம் நோக்கும் அதிகாரி, அவனையும் அவனுக்குக் கற்பித்தவரையும் தோல்வியுற்றோர் வரிசையில் எழுதிவிடுவார்.

இச்சிக்கலைச் சட்டத்தின் வழியே தீர்க்க முயன்ற நாடுகளுள் ஐக்கிய அமெரிக்காவின் தெக்சாசு மாநிலத்தை எடுத்துக்காட்டலாம். பாடசாலையிலிருந்து நீக்கப்பட்டோர்க்கும் சிறுவர் நீதிமன்று அனுப்புவோர்க்குமென, 1 இலட்சத்து 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் மாவட்டங்களில் மாற்றுப் பள்ளிகளை அமைத்தல் வேண்டும் என்று அம்மாநிலம் 1995இல் விதித்தது. பிள்ளையைத் தன் வகுப்பு நிலைக்கு உயர்த்துதலே அப்பள்ளியின் கல்வி நோக்கம் என்று சட்டமே கூறுகின்றது. நாளொன்றுக்கு 7 மணி நேரமும் ஆண்டொன்றுக்கு 180 நாளும் பள்ளி நடத்தல் வேண்டும் என்பதும் விதி. இவற்றினும் சிறந்த கூறு ஒன்று அங்குண்டு. மாற்றுப் பள்ளியிற் கற்கும் பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, அவன் நீங்கிவந்த சொந்தப் பள்ளியின் கணக்கிலேயே சேர்க்கப்படும். அதாவது அவன் உடலால் வேறிடத்திருந்தாலும் கணக்கில் தன் பள்ளியின் பிள்ளையாகவே இருக்கின்றான். இவ்வேற்பாட்டின் நன்மை வெளிப்படை. குறும்பு செய்பவனையும் பின்தங்கியவனையும் வெளியேற்றிவிட்டுத் தன் சித்தி வீதத்தை உயர்த்திக்கொள்ள எந்த அதிபருக்கும் வழியில்லை. வெளியேற்றிய பின்னரும் அவன் அவருடைய பிள்ளையே.

உலகப் பொதுவிதிகளும் இதே திசையிற் செல்கின்றன. சுதந்திரம் இழந்த சிறுவரின் பாதுகாப்புப் பற்றி ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1990இல் ஏற்ற விதிகள், இயன்றவரை தடுப்பு நிலையத்துக்கு வெளியே, சமூகத்திலுள்ள பள்ளிகளிலேயே பிள்ளைகள் கற்றல் வேண்டும் என்கின்றன; தடுப்பிலிருந்த காலத்திற் பெற்ற சான்றிதழில் அத்தடுப்புப் பற்றிய எக்குறிப்பும் இருத்தலாகாது என்றும் கூறுகின்றன. இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயமும், சட்டத்தோடு முரண்பட்ட பிள்ளையைச் சமுதாயத்தில் மீளச் சேர்த்தலையே நோக்கமாகக் கொள்கின்றது. மேரி காப்பெண்டர் காலத்தில் பள்ளியா சிறையா என்பதே வினாவாக இருந்தது. இவ்விதிகளின் காலத்தில், எந்தப் பள்ளி, யாருடைய இடாப்பு, யாருடைய பெயர் தாங்கிய சான்றிதழ் என்பன வினாக்களாயின.

வன்னியின் பிள்ளைகள், 2008–2010

இவ்வினாக்கள் நம் மண்ணில் எழுந்த வரலாற்றை இனி நோக்குவோம். போரின் இறுதியாண்டுகளில் வன்னிப் பெருநிலப்பரப்பின் கல்வி, மேற்கிலிருந்து கிழக்காகப் படிப்படியே குலைந்தது. 2009 தை 2ஆம் நாள் கிளிநொச்சியும், அம்மாதம் 25ஆம் நாள் முல்லைத்தீவும் படையினர் வசமாயின. ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடம்பெயர, பாடசாலைகளும் இடம்பெயர்ந்தன, பின்னர் நின்றேவிட்டன. முள்ளிவாய்க்காலிற் பாடசாலைக் கட்டடம் காயமுற்றோரைக் கிடத்தும் இடமாயிற்று. 2009 மே மாதம் போர் முடிந்தபோது, ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியா மாவட்டத்து முகாம்களில், பெரும்பாலும் செட்டிகுளத்தில் அமைந்த மெனிக்பாமில், அடைபட்டிருந்தனர்.

பிள்ளைகள் ஆயுதக் குழுவிற் சேர்க்கப்பட்டமை பற்றியும் மறைவின்றிக் கூறல் வேண்டும். 2003 முதல் 2008 இறுதிவரை விடுதலைப் புலிகளாற் சேர்க்கப்பட்ட 6,000க்கு மேற்பட்ட சிறுவரின் விவரத்தை யுனிசெப் நிறுவனம் பதிந்திருந்தது. வலுக்கட்டாயமாகக் கொண்டு செல்லப்பட்டோர் அவருட் பலர். இவ்வாறு ஆயுதமேந்திய பிள்ளைகளைக் குற்றவாளிகளாகக் கொள்ளாது, முதற்கண் பாதிக்கப்பட்டோராகவே கொள்ளல் வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுப் பாரிசுக் கோட்பாடுகளின் சாரம். 2008 மார்கழியில் வெளியான அவசரகால விதிகள், சரணடையும் சிறுவரை வளர்ந்தோரினின்றும் பிரித்து, நீதவானின் அறிவோடு, பாதுகாப்பு இல்லங்களில் வைத்தற்கு வழிசெய்தன. போர் முடிந்தபோது அவ்வாறு புனர்வாழ்வுக்கு உட்படுத்தப்பட்டோர் 594 பேர்; அவருள் 364 பேர் ஆண்பிள்ளைகள், 230 பேர் பெண்பிள்ளைகள். வவுனியாப் பூந்தோட்டத்திலும் தெற்கே அம்பேபுஸ்ஸவிலும் இருந்த நிலையங்கள் அவர்களை ஏற்றன. அம்பேபுஸ்ஸவில் தொழிற்பயிற்சி முதலிடம் பெற்றது. சட்டப்படி அவர்கள் எக்குற்றத்துக்கும் தீர்ப்புப் பெற்றவரல்லர். ஆயினும் சட்டத்தின் கையிலிருந்தே அவர்கள் கல்விக்கு வந்தனர். ஆதலின் சீர்திருத்தப் பள்ளியின் நீண்ட வரலாற்றில் இவர்களுக்கும் ஓரிடம் உண்டு.

அவருள் 200க்கு மேற்பட்டோர், முறையான பாடசாலைக் கல்வியைத் தொடர விரும்பியோர், இரத்மலானை இந்துக் கல்லூரிக்கு மாற்றப்பட்டனர். இம்மாற்றத்திற் செயல்பட்ட கருத்து, 1897ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலுக்கு முற்றிலும் வேறானது. இரவில் தனித்து வைத்தற்கு வசதியும் கைத்தொழிற் சாதனமும் உள்ள நிலையமொன்று தேடப்படவில்லை. தமிழ்மொழியிற் பாடம் நடக்கும், பொதுப் பரீட்சைக்கு மாணவரை ஆயத்தஞ்செய்யும், வெள்ளைச் சீருடையணிந்த பிள்ளைகள் நடமாடும் சாதாரண கல்லூரியொன்று தேடப்பட்டது. நீதிமன்றின் வாயில் வழியே வந்த பிள்ளைகளை, 1939இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் திறந்த வாயிலுக்கு அழைத்துச் சென்ற செயல் அது. சைவப் பெருமக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்த இந்துக் கல்லூரி மரபு, தான் ஒருபோதும் எண்ணிப்பாராத பிள்ளைகளுக்கு அன்று இடங்கொடுத்தது.

இம்முயற்சியின் குறைகளையும் வரலாறு குறித்தல் வேண்டும். புனர்வாழ்வு ஆணையாளர் நாயகமாக இருந்தோர் படை அதிகாரிகள். பிள்ளையின் கல்வியைப் படைத்துறையினர் மேற்பார்வை செய்தல் முறையாகாது என்னும் கண்டனம் அன்றே எழுந்தது. பெற்றோர் பலர் மெனிக்பாமில் அடைபட்டிருக்க, பிள்ளைகள் நெடுந்தொலைவில் இருந்தனர். கல்விக்கு இன்றியமையாத மன அமைதியை இப்பிரிவு எவ்வளவு குலைத்திருக்கும் என்பதை ஆசிரியர் எவரும் உணர்வர். 2009 மார்கழியில் ஐக்கிய நாடுகளின் சிறப்புத் தூதுவராக வந்த பற்றிக் கம்மெற் அவர்கள் இப்பிள்ளைகளின் நிலையை நேரில் ஆராய்ந்தார். ஓராண்டு என வகுத்த காலம் நிறைவுற, 2010 மே மாத அளவில் இச்சிறுவர் யாவரும் விடுவிக்கப்பட்டுக் குடும்பங்களோடு சேர்க்கப்பட்டனர். கல்வியின் நோக்கிலே பார்த்தால், ஓராண்டு மிகக் குறுகிய காலம். இழந்த ஆண்டுகள் பலருக்கு மூன்றும் நான்குமாக இருந்தன. எனவே இரத்மலானையில் நடந்ததை ஒரு தொடக்கம் என்றே கொள்ளல் வேண்டும். அதன் பயன் முழுமையாவதும் வீணாவதும், அப்பிள்ளைகள் திரும்பிச் சென்ற ஊர்ப் பாடசாலைகளின் கையில் இருந்தன.

ஊர்ப் பாடசாலையின் இடாப்பு

மெனிக்பாம் முகாம் 2012 புரட்டாதியில் மூடப்பட்டது. முள்ளிவாய்க்கால், புதுக்குடியிருப்பு ஆகிய ஊர்களுக்கு மக்கள் இறுதியாகவே திரும்பினர். திரும்பிய பிள்ளைகளிற் பலரிடம் பிறப்புச் சான்றிதழும் இல்லை, விடுகைப் பத்திரமும் இல்லை. முன்பு கற்ற பாடசாலையின் சேர்விடாப்பே அழிந்துபோயிருக்க, விடுகைப் பத்திரம் எவ்வாறு கிடைக்கும்? இந்நிலையில் ஒரு பாடசாலை தன் சேர்விடாப்பில் ஒரு பெயரை எழுதுதல் வெறும் அலுவலகக் கருமமன்று. பல்கலைக்கழக அனுமதிக்குரிய மாவட்டத்தைப் பொதுவாகத் தீர்மானிப்பது, உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்றாண்டுகளில் மாணவர் கற்ற பாடசாலை அமைந்த இடமே. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகியவை கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களென விசேட ஒதுக்கீடு பெறுபவை. வன்னிப் பிள்ளையொருவன் எந்த மாவட்டத்துப் பாடசாலையின் இடாப்பில், எந்தத் தேதியில் எழுதப்பட்டான் என்பது, அவன் மருத்துவனாவானா பொறியியலாளனாவானா என்பதையே மாற்றவல்லது.

இடாப்பு வாயிலைத் திறத்தல் போலவே அடைக்கவும் வல்லது. வயது மிகுந்தவன், பாடத்தில் பின்தங்கியவன், புனர்வாழ்வு பெற்றவன் என்னும் மூன்று காரணங்களும் ஒருவனிடத்தே சேர்ந்தால், அவனைச் சேர்த்துக்கொள்ளத் தயங்கும் மனம் எங்கும் இயல்பாகவே எழும். புனர்வாழ்வு என்னும் சொல் நல்ல பொருளுடையது. ஆனால் வன்னியில் அது ஒருவரின் பெயருக்கு முன்னே ஒட்டும் அடைமொழியாக மாறியதை நாம் அறிவோம். செங்கற்பட்டுச் சிறுவனுக்குச் சீர்திருத்தப் பள்ளியின் பெயர் எவ்வாறு ஒட்டியதோ, அவ்வாறே இதுவும் ஒட்டியது. சான்றிதழில் தடுப்பின் குறிப்பு இருத்தலாகாது என்ற 1990ஆம் ஆண்டு விதி, தாளில் எழுதப்படும் குறிப்பை மாத்திரம் தடுக்கும். வகுப்பறையில் வாயாற் சொல்லப்படும் குறிப்பைத் தடுப்பவர் ஆசிரியரே.

கட்டாயக் கல்வி விதிகள் 1998 முதல் 5 வயதிலிருந்து 14 வயது வரைக்கும், 2016இன் திருத்தத்தின் பின் 16 வயது வரைக்கும் பிள்ளைகள் பள்ளியிலிருத்தலை வற்புறுத்துகின்றன. குற்றப் பொறுப்புக்குரிய தாழ்ந்த வயதெல்லையும் 2018இல் 8இலிருந்து 12ஆக உயர்த்தப்பட்டது. ஹோமாகமையை அடுத்த வட்டரெக்கவில், சிறைச்சாலைத் திணைக்களத்தின் பயிற்சிப் பாடசாலையிலுள்ள சுனித வித்தியாலயத்திலிருந்து இளையோர் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றி வந்துள்ளனர். இவையெல்லாம் 1939இற் பிரிந்த இரண்டு வாயில்கள் மெல்ல மெல்ல நெருங்கி வருவதன் அறிகுறிகளாம். ஆயினும் நெருக்கம் இன்னும் போதாது. சான்றுபெற்ற பாடசாலையிலிருந்து விடுதலை பெறும் சிறுவனை அவனுடைய ஊரின் பாடசாலை எதிர்கொண்டு ஏற்றல் வேண்டும். அதற்கு அவன் பெயர் அவ்விடாப்பினின்றும் வெட்டப்படாதிருத்தல் முதற்படியாகும்.

முடிவுரை

மேற்கூறிய வரலாற்றினின்றும் மூன்று உண்மைகள் பெறப்படும். முதலாவது, நீதிமன்றின் வழியே வரும் பிள்ளைகளுக்குரிய பள்ளியை அதன் மாணவர் தொகையால் மதித்தல் பொருந்தாது; அத்தொகை சட்டத்தின் நிழலேயன்றிப் பள்ளியின் புகழன்று. இரண்டாவது, அதன் பெறுபேற்றைச் சித்தி வீதத்தால் அளத்தல் நீதியாகாது. பிள்ளை வந்தபோது நின்ற படியையும் சென்றபோது நின்ற படியையும் அளந்து, இடையிலுள்ள ஏற்றத்தைக் கணக்கிடல் வேண்டும். வாசிப்பிலும் கணிதத்திலும் ஒரு சிறு நுழைவுச் சோதனையும் விடுகைச் சோதனையும் இதற்குப் போதும். பரிகாரக் கற்பித்தலுக்கு நம் ஆசிரியர் நாள்தோறும் செய்வதும் இதுவே. மூன்றாவது, இவ்விரண்டினும் மேலாக, அப்பிள்ளை எந்தப் பள்ளியின் பிள்ளை என்னும் வினாவுக்கு விடை காணல் வேண்டும். தன் ஊரின் பள்ளியே தன் பள்ளி என்று அவன் சொல்லக்கூடிய நாளில்தான் அவனுடைய கல்வி மீள்கின்றது.

இந்துக் கல்லூரிகளின் வரலாற்றை எழுதுவோர் இனி ஒரு பக்கத்தை இரத்மலானைக்கு ஒதுக்குதல் தகும். நாவலர் காலந்தொட்டு நம் கல்லூரிகள், பிறர் பள்ளிகளில் இடமற்று நின்ற சைவப் பிள்ளைகளுக்கு இடங்கொடுத்தற்கென்றே எழுந்தன. இடமற்று நிற்கும் பிள்ளை எவன் என்பது காலத்துக்குக் காலம் மாறும். 2009இல் அவன் வன்னியிலிருந்து, கையில் எச்சான்றிதழுமின்றி வந்தான். இன்று அவன் நீதவான் நீதிமன்றத்து வளவில், நன்னடத்தை அதிகாரியின் அருகே நிற்கலாம். அவனுடைய பெயரை எழுத நம் சேர்விடாப்புகளில் ஒரு வரி இருத்தல் வேண்டும்.